தலைவர் உரையும் விலா எலும்பும்

ஸ்டோனி க்ரீக் வட்டாரத்தில் மூச்சுவிடும் சகல ஜீவராசிகளின் மேலான கவனத்துக்கு:

நவம்பர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, நம் துப்பாக்கிச் சங்கத்தின் உறுப்பினரும், தலைவர் ரோலி கோவால்கி அவர்களின் உடன்பிறந்த தம்பியுமான டுவேன் கோவால்கி, தரையில் நின்றபடியே, இருநூறு தப்படிக்கு அப்பால் காற்றாய்ப் பறந்த பதினோரு கிளைக் கொம்புள்ள ஆண் மானை, ஒரே தோட்டாவில், கழுத்தில் அடித்து வீழ்த்தினார். விஸ்கான்சின் மாநிலம் உருவான நாளிலிருந்து இதற்கு இணையான சம்பவம் நடந்ததாகத் தலைவருக்கு நினைவில்லை.

பெட்ரோல் பங்க், மதுக்கடை, மாட்டுத்தீவனக் கடை, சர்ச் ஆகிய நான்கு இடங்களிலும் ரோலியே கையெழுத்துப் போட்டு ஒட்டிய அறிவிப்பு இது. சர்ச்சில் அது ஒரு சாவுச் செய்தியை மறைத்துக்கொண்டிருந்தது.

போன வாரம் இந்தத் தொடரைப் படித்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். படிக்காதவர்களுக்காக: மான் பறக்கவில்லை, ஓக் மரத்தடியில் நின்று கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது. தூரம் அறுபது தப்படி. தோட்டா கழுத்தில் படவே இல்லை. சுட்டவள் டுவேனின் மனைவி மார்லிஸ். டுவேன் அந்த நேரம் கூப்பிடு தூரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தான்.

பிறகு எப்படி மான் அவனுடையதாயிற்று? அங்கேதான் மார்லிஸ் ஒரு தப்புச் செய்தாள்.

ஆளுக்கு ஓர் ஆண் மானுக்குத்தான் அரசாங்கம் சீட்டுக் கொடுக்கும். சேர்ந்து வேட்டைக்குப் போனால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் சீட்டில் பதியலாம். அந்தப் பக்கத்தில் எல்லாக் குடும்பமும் செய்வதுதான். “என் சீட்டுல போட்டுக்கலாம். உன்னுது மிச்சம் இருக்கும். இன்னொண்ணு விழுந்தா குளிர்காலம் பூரா கறிதான்” என்றான் டுவேன். இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டி, சில்லறையைக்கூடக் கணக்காகச் செலவழிக்கிற மார்லிஸ், சரி என்று தலையாட்டினாள். சீட்டு மாறினால் கறிதான் கைமாறும் என்று நினைத்தாள்.

அரைமணி நேரத்தில் ரோலி கேமராவோடு வந்தார். மான் காலில் கட்டியிருந்த சீட்டைப் படித்தார். தம்பியைக் கட்டிப் பிடித்தார். டுவேன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். ஏழு நாளாக, சாப்பாட்டைத் தவிர வேறெதற்கும் அது திறக்கவில்லை.

சங்கக் கூடத்தில் ஓர் ஓக் பலகை உண்டு. கொம்பின் அளவு தேறிய பெரிய மான் விழுந்த வருடங்களில் அடித்தவர் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுவார்கள். எழுபது வருடத்துப் பலகை. அதில் ஒரே ஒரு பெண் பெயர் இருக்கிறது. அதுவும் பலகையை நன்கொடையாகக் கொடுத்தவர் தன் மனைவியின் நினைவாக ஓரத்தில் பொறித்தது. இந்த வருடத்து வரியில் யார் பெயர் என்பதுதான் இன்றைய கேள்வி. சங்கத்துக்காகக் கொம்பை அளந்து பதிகிற வெண்ட்லாண்ட் டுவேன் வீட்டுக்கு வருகிறார், மதியம் ஒரு மணிக்கு.

*

காலை எட்டு மணிக்கு மார்லிஸ் கராஜில் ஹாக்சா பிளேடால் விலா எலும்பை அறுத்துக்கொண்டிருந்தாள்.

மானின் நல்ல கறியெல்லாம் போன திங்களே காணாமல் போயிருந்தது. முதுகுச் சதை இரண்டையும் ‘தலைவர் பங்கு’ என்று ரோலி காரில் வைத்துக்கொண்டார். அப்படி ஒரு பங்கு இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. தொடைகள் தொத்திறைச்சி போடுகிறவரிடம் போயின. தலையும் கொம்பும் கராஜ் சுவரில் ஏறின. விலா எலும்பை மட்டும் காலால் தள்ளி, “இதை ஆப்பிள் மரத்துல கட்டித் தொங்கவிடும்மா, குருவிங்க கொத்தித் தின்னட்டும்” என்றார் ரோலி. அங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள்.

மார்லிஸ் தொங்கவிடவில்லை. அந்த மானில் அவளுக்கென்று மிஞ்சியது அதுதான். துணியில் சுற்றி கராஜ் ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

வியாழக்கிழமை நன்றித் திருநாள் வான்கோழி விருந்தின் நடுவே வெண்ட்லாண்டிடமிருந்து ரோலிக்கு போன் வந்தது. மனைவி இறந்த பிறகு பிறர் வீட்டில் சாப்பிடுவதை வெண்ட்லாண்ட் விட்டுவிட்டார். அளக்க வருகிற அன்று மான் விலா எலும்பு சமைத்தால் மட்டும் சாப்பிட உட்காருவேன் என்றாராம். ரோலி அந்தக் கணமே விலா எலும்பின் பரம ரசிகராக மாறினார். சமைக்க வேண்டியவள் மார்லிஸ். அது அவளிடம் கேட்கப்படவில்லை, தெரிவிக்கப்பட்டது.

எலும்பு வரிசையைப் பாதியாக அறுத்து, உட்புறத்துச் சவ்வைக் கத்தி முனையால் நெம்பி உரித்தாள். பிறகு கொழுப்பு. மான் கொழுப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பன்றிக் கொழுப்பு இல்லை. சூடாக இருக்கும்வரை எண்ணெய், ஆறினால் மெழுகுவத்தி. மேலண்ணத்தில் அப்பிக்கொண்டால் நாக்கால் சுரண்டினாலும் போகாது. அதனால் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் வழித்து எறிந்தாள். ஒவ்வொரு வழிப்பிலும் ரோலியின் முகம் தெரிந்தது. கத்தி நன்றாக ஓடியது.

இடது பக்க வரிசையில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவே கை நின்றது. இரத்தம் கட்டிப்போன சதையை வெட்டி எடுத்தபோது தெரிந்தது. தோட்டா இரண்டுக்கும் இடையில் புகுந்து, இதில் ஒரு அரைவட்டம், அதில் ஒரு அரைவட்டம் கடித்துக்கொண்டு போயிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பரண் உயரத்திலிருந்து, மேலிருந்து கீழாகச் சாய்ந்து. இருதயத்துக்கு நேர் வழி.

கழுத்துக்கு ஒன்றரை முழம் தள்ளி.

அந்த இரண்டு எலும்பையும் அவள் தனியாக வெட்டினாள். தூக்கிப் போடவில்லை.

உப்பும் வினிகரும் போட்ட தண்ணீரில் எல்லாவற்றையும் கொதிக்க விட்டு, மிதந்த கொழுப்போடு அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். மூடிபோட்ட பெரிய இரும்புத் தட்டத்தில் வெங்காயத்தைப் பரப்பி, எலும்புகளை அடுக்கி, ஆப்பிள் சாறு ஊற்றி, ஓவனில் மிதமான சூட்டில் தள்ளினாள். மூன்று மணி நேரம் அது பாட்டுக்கு வேகும். கடைசியில் கடுகு சாஸும் மேப்பிள் பாகும் குழைத்துத் தடவி, மூடியைத் திறந்து சிவக்க விட்டால் போதும்.

கொழுப்போடு அப்படியே சுட்டுப் போட்டு அத்தனை பேர் வாயையும் மெழுக வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றாமலில்லை. முடியவில்லை. அவள் மான் அது.

பதினொரு மணிக்கு ரோலி அடுப்படிக்குள் நுழைந்தார். பழைய டிராக்டர் வியாபாரம் அவர் தொழில். பிறருக்கு விளக்கம் சொல்வது வாழ்க்கை. ஓவனைத் திறந்தார், மூடியைத் திறந்தார், ஆவியையெல்லாம் வெளியே விட்டார். விலா எலும்பைக் கரி அடுப்பில்தான் போட வேண்டும், கொழுப்பில்தான் ருசி இருக்கிறது, பெண்கள் எதையும் வேகவைத்தே கெடுப்பார்கள் என்று ஐந்து நிமிடம் எடுத்துரைத்தார். தன் முன்னாள் மனைவி பெர்னடீனும் இதே ரகம் என்றார்.

மார்லிஸ் மூடியைப் பிடுங்கி மூடினாள். “சாப்பாட்டை மேசையில வெச்ச உடனே சாப்பிட்டுடணும், ரோலி. ஆறக்கூடாது.”

“முதல்ல தலைவர் உரை இருக்கும்மா.”

“சாப்பிட்டுட்டு உரையாத்துங்க.”

“உரைன்னா முன்னாடிதான்” என்றார் ரோலி, குழந்தைக்குச் சொல்வதுபோல. இருபத்து நாலு பக்கம் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். மிரட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் போனதும் டுவேன் வந்தான். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். எதையும் அழுத்திப் பேசாத மனிதன். தட்டுகளை எடுத்து ஓவன் மேல் சூடாக அடுக்கினான். அது அவன் மன்னிப்புக் கேட்கிற விதம். தட்டுகளுக்கு அது புரிந்திருக்கலாம்.

“எங்க அண்ணன் என் தோள்ல கைபோட்டதே இல்ல, மார்லிஸ்” என்றான் மெல்ல. “இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான்.”

“அதுக்கு என் மானை எடுத்துக் குடுத்தியா?”

“ஒரு பலகைதானே. அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைன்னா எம் பேரு இருந்துட்டுப் போகட்டும்.”

அவன் இன்னொரு தட்டை எடுத்தான். அவள் அதைக் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. தட்டு இரண்டாகப் போயிற்று. பேருந்தில் பின் சீட்டுப் பையன் குப்பையை ஜன்னல் வழியாக எறிந்தாலும், இறங்கும்போது நான்தான் என்று சொல்லிவிடுவான், உனக்கு ஐம்பத்தாறு வயது என்றாள். டுவேன் துடைப்பம் தேடப் போனான். தேடல் ஒரு மணி வரை நீடித்தது.

*

சரியாக ஒரு மணிக்கு வெண்ட்லாண்ட் வந்தார். எழுபத்தைந்து வயது, ஒல்லி. சட்டைப் பையில் எஃகு டேப், பென்சில், மடித்த ஃபாரம். சங்கத்தின் செயற்குழு நால்வரும் ஆரஞ்சுச் சட்டையோடு ஏற்கெனவே மேசையைச் சுற்றி நின்றார்கள்.

முதலில் அளக்கட்டுமா என்று கேட்டார். சிகரத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்றார் ரோலி. முதலில் சாப்பாடு. அதற்கும் முதலில் உரை.

மார்லிஸ் தட்டத்தை ஓவனிலிருந்து எடுத்தாள். விலா எலும்புகள் விளிம்பில் கருகி, நடுவில் பாகு கொதித்து, பளபளவென்று சிவந்திருந்தன. சதை எலும்பைவிட்டு அரை அங்குலம் சுருங்கி ஏறியிருந்தது. சூடான தட்டுகளில் பரிமாறினாள். வெண்ட்லாண்ட் தட்டில் வைத்த முதல் இரண்டு எலும்புகளை அவள் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தாள்.

“ஆறினா வீணாப் போயிடும், மிஸ்டர் வெண்ட்லாண்ட்” என்றாள் குனிந்து. அவர் தலையாட்டிவிட்டு, உரைக்காக மற்றவர்கள் நிற்க, தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

உரை தொடங்கியது. கோவால்கி வம்சத்தின் மூதாதை கோடரி ஒன்றோடு கப்பலிலிருந்து இறங்கினார். காடு நடுங்கியது. அடுத்து ரோலியின் தாத்தா, அடுத்து அப்பா, அடுத்து, சற்று விரிவாக, ரோலி. தொண்ணூற்றெட்டாம் வருடம் அவர் அடித்து, பலகையில் பெயர் ஏறிய மான் ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. தட்டுகளில் ஆவி அடங்கியது. பாகின் பளபளப்பு மங்கியது. எவ்வளவு வழித்தாலும் எலும்பு இடுக்கில் கொஞ்சம் கொழுப்புத் தங்கும். அது ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகக் கட்ட ஆரம்பித்தது. சுவரோரம் நின்ற மார்லிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரச் சமையல் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது.

ஒருமுறை குறுக்கிட்டாள். “ரோலி, ஆறுது.”

“வரலாறு ஆறாதும்மா” என்றார் ரோலி. செயற்குழு கைதட்டியது.

டுவேனின் மானுக்கு அவர் வந்து சேர்ந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. இப்போது மான் முந்நூறு தப்படியில் பறந்தது. ரோலி தம்பியின் தோளில் கைபோட்டார். பீர் குவளையை உயர்த்தினார். எல்லோரும் உட்கார்ந்து கடித்தார்கள்.

கொஞ்ச நேரம் மென்றார்கள். பிறகு மெல்வது நிதானமாயிற்று. செயற்குழுவில் ஒருவர் மேலண்ணத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ரோலி ஐஸ் பீரை ஒரு மடக்குக் குடித்தார். மெழுகின் மேல் குளிர்ந்த பீர் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. வாய் முழுக்க இறுகிப்போயிற்று. இதற்கு மருந்து ஒன்றுதான், கொதிக்கக் கொதிக்கக் காப்பி. காப்பிக் கூஜா மார்லிஸ் கையில் இருந்தது. வெண்ட்லாண்டுக்கு ஒரு கோப்பை ஊற்றினாள். மற்றபடி கூஜாவைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“இவளுக்கு என்னிக்கு சமைக்கத் தெரிஞ்சுது” என்றார் ரோலி. அதாவது அப்படித்தான் சொல்ல வந்தார். வெளியே வந்தது பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். ஆனாலும் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. மார்லிஸுக்கு முதலில் புரிந்தது.

“எனக்குப் பிரமாதமா இருந்துது” என்றார் வெண்ட்லாண்ட். அவர் தட்டில் எலும்புகள் துடைத்த மாதிரி இருந்தன. அவற்றில் இரண்டை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பக்கத்தில் பக்கம் வைத்துச் சேர்த்தார். இரண்டு அரைவட்டமும் பொருந்தி, நடுவே விரல் மொத்தத்தில் ஒரு வட்ட ஓட்டை வந்தது. அதன் வழியாக டுவேனைப் பார்த்தார்.

“கழுத்துலயா சுட்ட?”

ரோலி ஏதோ ஒலித்தார். கழுத்தில் புகுந்த தோட்டா மான் திரும்பியதால் விலா வழியாக வெளியேறியது என்பது சாரம். கையை வளைத்து நெளித்து வேறு காட்டினார்.

“உன்னைக் கேக்கலப்பா. இது மேலேர்ந்து கீழ போன ஓட்டை. நீ தரையில நின்னேன்னு ஒட்டியிருக்காங்க, டுவேன்.”

டுவேன் எலும்பைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். தோளில் அவர் கை மறுபடி ஏறியிருந்தது.

மார்லிஸ் கூஜாவை மேசையில் வைத்தாள். “சொல்லு, டுவேன். இல்லைன்னா நான் சொல்லுவேன். ரெண்டும் ஒண்ணில்ல.”

டுவேன் தோளைச் சாய்த்து, அண்ணனின் கையை நழுவ விட்டான்.

“நான் சுடல. மார்லிஸ் சுட்டா. நான் புதர்ல ஒதுங்கியிருந்தேன்.”

செயற்குழு தன் தட்டுகளை ஆழ்ந்து ஆராய்ந்தது. ரோலி முகம் சட்டை நிறத்துக்கு வந்தது. மேசையைக் குத்தினார். சீட்டு அவன் பேரில், சீட்டு அவன் பேரில் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை ஓரளவு தெளிவாகவே வந்தது.

வெண்ட்லாண்ட் ஃபாரத்தை விரித்தார். “இதுல ‘சுட்டவர் பெயர்’னுதான் இருக்கு. சீட்டுக்குக் கட்டமே இல்ல.” பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “தொண்ணூத்தெட்டுல உன் மானையும் நான்தான் அளந்தேன், ரோலி” என்றார். “அன்னிக்கும் உன் பெர்னடீன் இப்படித்தான் சுவரோரமா, வாயைத் திறக்காம நின்னா. ஏன்னு நான் கேக்காம வந்துட்டேன்.”

ரோலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மார்லிஸ் அவரைப் பார்த்தாள். பெர்னடீன் அந்த வருடமே பெட்டியைக் கட்டிக்கொண்டு மினசோட்டா போனது அவளுக்குத் தெரியும். மாமியாரோடு ஒத்துப்போகவில்லை என்றுதான் குடும்பத்தில் சொல்லியிருந்தார்கள். பெர்னடீனின் போன் நம்பர் அவளிடம் இருந்தது. கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புவதோடு சரி.

“பேரு எப்படி எழுதட்டும்? மார்லிஸ் கோவால்கி?”

“மார்லிஸ் டெட்லோஃப்.”

டுவேன் நிமிர்ந்தான். “அது உங்கப்பா வீட்டுப் பேரு.”

“எனக்கும் ஞாபகம் இருக்கு” என்றாள் மார்லிஸ்.

அவர் எழுதினார். இரண்டு எஃப் என்று அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள். பிறகு எல்லோரும் வரிசையாக கராஜுக்குப் போனார்கள். ரோலியும் போனார், அரை அடி பின்னால். டுவேன் மனைவிக்குப் பக்கத்தில் நிற்கலாமா என்று பார்த்தான். அவள் நகரவில்லை, இடமும் விடவில்லை. வெண்ட்லாண்ட் ஸ்டூலில் ஏறி, எஃகு டேப்பை இழுத்து, கிளை கிளையாக அளந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை. ஃபாரத்தில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. மார்லிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏழு நாளில் முதல் முறையாக அவள் தாடை இறுக்கம் விட்டிருந்தது. அவர் கூட்டினார். மறுபடி கூட்டினார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

“நூத்தி இருபத்தெட்டேகால் அங்குலம்” என்றார். “பலகைக்கு நூத்தி முப்பது வேணும். இந்த வருஷம் யார் பேரும் கிடையாது.”